கவசமோ களிம்போ? இரும்பொட்சைட்டு நனோத்துணிக்கைகளின் மேலுறை பற்றிய ஓர் ஆராய்ச்சி

புதிய அறிவியற் பொருளொன்று ஒரு மொழியினுட் புகுங்கால், பொருள் முன்னும் சொல் பின்னுமாக வருதலே இயல்பு. பொருள் வந்து நெடுநாளாகியும் அதற்குச் சொல் வாராதிருத்தல் ஒரு குறை. பொருளின் தன்மை விளங்குமுன்னரே அழகியதொரு சொல் வந்து அதன் இடத்தில் அமர்ந்துகொள்ளுதல் அதனினும் பெருங்குறை. முன்னையதை எவரும் எளிதிற் கண்டு முறையிடுவர். பின்னையதைக் காண்பார் மிகச் சிலர்; சொல் செவிக்கு இனிதாயின் பொருளும் விளங்கிவிட்டதென்றே நாம் எண்ணிவிடுகின்றோம். இவ்விரண்டாங் குறைக்கு ஒருகால் யானே காரணனாயினேன். அதனை ஒப்புக்கொண்டு தொடங்குவதே முறை.

மாத்தளை மாவட்டத்துப் பாடசாலையொன்றில் யான் தமிழ் கற்பித்து வருகின்றேன். சில ஆண்டுகளுக்கு முன், உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் பயின்ற மாணவனொருவன், இரும்பொட்சைட்டு நனோத்துணிக்கைகளைப் பற்றித் தான் எழுதிய கட்டுரையைப் போட்டியொன்றுக்கு அனுப்புமுன், மொழிப்பிழை திருத்தித் தருமாறு என்னிடம் கொணர்ந்தான். அதில் அவன், "துணிக்கையின் மேற்பரப்பிற் பிணைந்துள்ள சேதனப் படலம்" என்று எழுதியிருந்தான். அத்தொடர் எனக்கு வறண்டதாகத் தோன்றிற்று. "கவசம் பூண்ட துணிக்கை" எனச் சிவப்பு மையினால் திருத்தினேன். பையன் சற்றே தயங்கினான். பின்னர், "சரி சேர்" என்று கூறி வாங்கிச் சென்றான்.

போட்டியில் நடுவராயிருந்தவர், அவன் வரைந்திருந்த வரைபைச் சுட்டினார். அதில் இரண்டு வளைகோடுகள் இருந்தன: மேலே வெறுந்துணிக்கைக்குரியது, கீழே மேலுறையிட்ட துணிக்கைக்குரியது. "கவசம் காப்பதற்கன்றோ அணியப்படுவது? கவசம் பூண்டபின் காந்தம் ஏன் குறைந்தது?" என்று அவர் வினவினார். மாணவன் விடையின்றி நின்றான். அவ்வினாவுக்கு இடங்கொடுத்தது அவனுடைய விஞ்ஞானம் அன்று, என்னுடைய தமிழே.

யான் விஞ்ஞானப் பட்டதாரியல்லேன். வெளிவாரி மாணவனாகப் படித்துக் கலைப்பட்டம் பெற்றவன். எனினும் அன்று முதல், உடன் கற்பிக்கும் இரசாயன ஆசிரியர் ஒருவரின் துணைகொண்டு, இத்துறையில் எழுதப்பட்டவற்றுட் சிலவற்றைப் படித்து வரலானேன். படிக்கப் படிக்க, பிழை என்னுடைய ஒரு சொல்லோடு நிற்கவில்லை என்பது தெரியவந்தது. "மேலுறை துணிக்கையின் காந்தத்தைக் குறைக்கும்" என்னும் வாக்கியம் மாணவர் கட்டுரைகளிலும், பொதுவாசகர்க்கென எழுதப்படும் குறிப்புகளிலும் திரும்பத் திரும்ப வருகின்றது. அவ்வாக்கியமே ஈண்டு ஆராயப்படுவது. அதனை முற்றும் பொய்யென்று தள்ளுதல் இயலாது. மெய்யென்று கொள்ளுதலும் இயலாது. ஒன்றோடொன்று உறவில்லாத பல செய்திகள் அவ்வொரு வாக்கியத்தினுள் அடைபட்டுக் கிடக்கின்றன என்பதே எனது துணிபு.

முதற்கண் பொருளைச் சிறிது காண்போம். காந்தக்கல் என நாம் வழங்குவது மக்னற்றைற்று என்னும் இரும்பொட்சைட்டாகும். நம் நாட்டிற் புத்தளம் மாவட்டத்துப் பனிரெண்டாவவிலும் திருகோணமலை மாவட்டத்துச் சேருவிலவிலும் இதன் படிவுகள் உள்ளன. இரும்பைத் தாதிலிருந்து பிரித்தெடுக்குந் தொழில் நம் மாவட்டத்துக்குப் புதிதன்று. சீகிரியாவுக்கு அண்மையில், அளகொலவெவப் பகுதியிலுள்ள தெஹிகஹ-அல-கந்தவில் பண்டைய இரும்புருக்குலைகள் அகழ்ந்து காணப்பட்டுள்ளன. ஆயின் அவ்வுலைகளில் தாது இரும்பாக மாறுமுன் இழப்பது எதுவோ, அதுவே இன்று நாம் பேசப்புகும் பொருளுக்கு உயிர்நாடி. அதாவது ஒட்சிசனோடு கூடிய இரும்பு.

மக்னற்றைற்றுப் பளிங்கினுள் இரும்பு அயன்கள் இருவகை இடங்களில் அமர்ந்துள்ளன. ஒருவகை இடத்திலுள்ளவை ஒரு திசையிலும், மற்றவை அதற்கு எதிர்த்திசையிலும் காந்தத்தன்மை காட்டும். இரு கட்சியினரும் எண்ணிலும் வலியிலும் சமமாயின் ஒன்றையொன்று அழித்து ஒன்றும் எஞ்சாது. சமமின்மையால் மிச்சம் உண்டு. அம்மிச்சமே காந்தக்கல்லின் காந்தம். இதனை 1948ஆம் ஆண்டில் விளக்கியவர் பிரெஞ்சு நாட்டுப் பௌதிகவியலாளர் லூயி நேல். 1970இல் நோபல் பரிசு பெற்றவர். பெருங்கட்டியாயுள்ள மக்னற்றைற்றை வலிய புலத்தில் வைத்து அளந்தால், அறை வெப்பநிலையில் கிராமுக்கு ஏறத்தாழ 92 ஈ.எம்.யூ. வரை காந்தவாக்கம் பெறும். அதற்குமேற் புலத்தைக் கூட்டினும் பயனின்றி நிற்கும் அந்நிலையை நிரம்பல் என்பர்.

இக்கல்லைப் பத்து நனோமீற்றர் அளவுக்குச் சிறியதாக்கினால் இரண்டு புதுமைகள் நிகழ்கின்றன. ஒன்று, துணிக்கை முழுவதும் ஒரே காந்தமாகி, வெப்பத்தின் அசைவினால் அதன் காந்தத்திசை இடையறாது புரண்டுகொண்டிருத்தல். புறப்புலம் உள்ளபோது வலிய காந்தமாய்த் தோன்றும் ஒரு பிடி துணிக்கைகள், புலம் நீங்கியவுடன் காந்தமே அற்றனபோலாகும். இதன் கணக்கை நேல் 1949இல் வகுத்தார். மற்றையது, மேற்பரப்பின் பங்கு பெருகுதல். நூறு நனோமீற்றர் விட்டமுள்ள உருண்டையொன்றில், வெளிப்புறத்து ஒரு நனோமீற்றர்த் தடிப்பு அதன் கனவளவில் நூற்றுக்கு ஆறு பங்கே. பத்து நனோமீற்றர் உருண்டையில் அதே தடிப்பு நூற்றுக்கு நாற்பத்தொன்பது. ஐந்து நனோமீற்றரில் நூற்றுக்கு எழுபத்தெட்டு. பத்தாம் வகுப்பு மாணவனும் இதனைத் தாளிற் செய்து காணலாம். செய்து கண்டவன் பின்னர் "மேற்பரப்பு" என்னுஞ் சொல்லை எளிதாக எழுதமாட்டான். ஐந்து நனோமீற்றர்த் துணிக்கை பெரும்பாலும் தோலே. உள்ளென்று சொல்லத்தக்கது சிறிதே.

இனி அவ்வாக்கியத்துக்கு வருவோம். "குறைக்கும்" என்பதற்கு முதற்பொருள், ஒரு கிராமுக்கு அளக்கும்போது குறைவாகக் காணப்படும் என்பது. ஈண்டு வினவவேண்டியது, எதனுடைய கிராம் என்பதே.

மாத்தளைக் கடைவீதியில் சாதிக்காயை ஓட்டோடும் வாங்குவர். ஓடு நீக்கியும் வாங்குவர். ஓட்டோடு நிறுத்த ஒரு கிலோவிற் பருப்புக் குறைவென்று வியாபாரி விலையைக் குறைத்துச் சொல்வான். ஓடு பருப்பின் மணத்தைத் தின்றுவிட்டது என்று அவன் ஒருநாளுஞ் சொல்லான். நம் கட்டுரையாளர் பலர் அதனையே சொல்கின்றனர். கிராமுக்கு 80 ஈ.எம்.யூ. உள்ள துணிக்கைகளின் மீது, மொத்தத் திணிவில் ஐந்திலொரு பங்காகுமாறு சேதனப் படலமொன்றை இட்டோம் எனக் கொள்வோம். முழுமையையும் நிறுத்து அதனால் வகுத்தால் 64 என்று விடை வரும். துணிக்கையினுள் ஓர் அயனும் அசையவில்லை. ஒரு காந்தமும் தளரவில்லை. தராசில் ஓடும் ஏறியது, அவ்வளவே.

சிலிக்காவை உறையாக இடும்போது இது இன்னும் பெரிதாகின்றது. பத்து நனோமீற்றர் விட்டமுள்ள துணிக்கையைப் பத்து நனோமீற்றர்த் தடிப்புள்ள சிலிக்கா சூழுமாயின், முழு உருண்டையின் விட்டம் முப்பது. கனவளவு இருபத்தேழு மடங்கு. சிலிக்காவின் அடர்த்தி ஏறத்தாழ 2, மக்னற்றைற்றின் அடர்த்தி ஏறத்தாழ 5.2. இவற்றைக்கொண்டு கணக்கிட்டால் உறையின் திணிவு உள்ளீட்டின் திணிவைப்போற் பத்து மடங்கு வரும். ஆகவே கிராமுக்குரிய காந்தவாக்கம் பதினொன்றில் ஒரு பங்காகி, 80 என்றிருந்தது 7 என்று நிற்கும். இதனைக் கண்டு, "சிலிக்கா காந்தத்தை அழித்துவிட்டது" என்று எழுதுவோர் வகுத்தற் கணக்கில் தவறியவராவர். பௌதிகத்தை அவர் தொடவேயில்லை.

இப்பிழையை நீக்கும் வழி அரிதன்று. துணிக்கைகளைச் சிறுகச் சிறுகச் சூடாக்கிச் சேதனப் படலம் எரிந்து நீங்கியபின் எஞ்சும் திணிவை அளக்கலாம். அன்றி, அமிலத்திற் கரைத்து இரும்பின் அளவை மாத்திரம் கண்டு, இரும்பின் கிராமுக்கு இவ்வளவு எனக் கூறலாம். நல்ல ஆராய்ச்சியாளர் இவ்வாறே செய்கின்றனர். செய்யாதார் எழுதியவற்றில், மேலுறையின் "விளைவு" எனப் பெரிதாகப் பேசப்படுவது பெரும்பாலும் மேலுறையின் எடையே. மாணவனின் வரைபில் கீழ்க்கோடு தாழ்ந்ததற்குக் காரணமும், பின்னர் நாங்கள் ஆசிரியர் இருவரும் அவனுடன் அமர்ந்து பார்த்தபோது, முழுவதும் அன்றாயினும் மிகப்பெரும்பகுதி இதுவேயெனத் தெரிந்தது. வரைபின் நிலைக்குத்தச்சில் "கிராமுக்கு" என்று எழுதியிருந்தது. எதன் கிராம் என்பதை அவன் எடுத்துக்கொண்ட மூலத்திலேயே சொல்லவில்லை.

எடையின் மயக்கத்தைக் கழித்தபின்னும் ஒரு குறைவு எஞ்சுகின்றது. அதுவே உண்மையில் ஆராயத்தக்கது. மேலுறை ஏதும் இடாத சிறுதுணிக்கையும் பெருங்கட்டியின் 92ஐ எட்டுவதில்லை. 1971இல் மைக்கல் கோயி என்பார், மக்னற்றைற்றின் உறவான மகமைற்றின் மிகச்சிறு பளிங்குகளை ஆராய்ந்து, வலிய காந்தப்புலத்தினுள்ளும் அவற்றின் அயன்கள் யாவும் நேர்படவில்லை. மேற்பரப்பை அடுத்தவை சாய்ந்தே நிற்கின்றன எனக் காட்டினார். காரணம் எளிது. உள்ளேயுள்ள அயனுக்கு நாற்புறமும் ஒட்சிசன் அயலவர் உண்டு. அவ்வயலவர் வழியாகவே ஒன்று மற்றொன்றின் திசையை அறியும். மேற்பரப்பிலுள்ள அயனுக்கு ஒருபுறம் வெறுமை. அயலவரை இழந்தமையால் திசை தடுமாறுகின்றது.

இக்குறை எவரும் வெளியிலிருந்து கொணர்ந்து இட்டதன்று, சிறுமையோடு உடன்பிறந்தது. சைவசித்தாந்தம் கற்றோர்க்கு ஈண்டு ஒரு வேறுபாடு நினைவுக்கு வரும். ஆணவத்தைச் சகசம் என்றும், கன்மத்தையும் மாயையையும் வந்தேறி என்றும் நம் ஆசிரியர் பகுப்பர். சகசத்துக்குச் செம்பிற் களிம்பு உவமையாகும். அவ்வுவமையால் அவர் நனோத்துணிக்கையை அறிந்திருந்தனர் என்று யான் சொல்லவரவில்லை. சிவஞானபோதத்தின் ஐந்தாஞ் சூத்திரத்திற் காந்தமும் இரும்பும் உவமையாக வருதல் கொண்டு, நவீன காந்தவியல் முழுவதும் அதனுள் அடங்கியுள்ளது எனப் பாடசாலை விழா மேடைகளில் முழங்கக் கேட்டிருக்கின்றேன். அது விஞ்ஞானத்துக்கும் நன்மையன்று, சித்தாந்தத்துக்கும் நன்மையன்று. உவமை எப்பொருளை விளக்க வந்ததோ அப்பொருளைக் கைவிட்டு உவமையைப் பற்றிக்கொள்ளுதல் எவ்வாற்றானும் திறனாய்வாகாது. யான் வேண்டுவது அப்பாகுபாட்டை மாத்திரமே. உடன்பிறந்த குறை வேறு, வந்து சேர்ந்த உறை வேறு. இவ்விரண்டையும் பிரித்து நோக்கும் பழக்கம் நம் மொழிக்கு அந்நியமானதன்று. "மேலுறை குறைக்கும்" என்று எழுதுவோன், உடன்பிறந்த குறையின் பழியையும் வந்தேறியின் தலையிற் சுமத்திவிடுகின்றான்.

களிம்பு என்னுஞ் சொல்லுக்கு நேரான பொருளொன்றும் இத்துணிக்கைகளில் உண்டு. மக்னற்றைற்றைக் காற்றிற் றிறந்து வைத்தால் அதன் புறம் மெல்ல ஒட்சியேற்றம் அடைந்து மகமைற்றாகும். மகமைற்றின் நிரம்பல் மக்னற்றைற்றினதை விடச் சற்றுக் குறைவு. செம்பின் களிம்பு செம்பினின்றே எழுவதுபோல, இத்தோலும் துணிக்கையின் உடம்பினின்றே எழுகின்றது. காற்றை அணுகவிடாது நெருக்கமாகப் படிந்த மேலுறை இதனைத் தாமதப்படுத்தும். அங்ஙனமாயின், பல மாதம் கழித்து அளக்கும்போது உறையிட்டது உறையிடாததை விஞ்சி நிற்றலும் கூடும். ஆகவே "குறைக்கும்" என்று எழுதுமுன் அளந்த நாளையும் கேட்கவேண்டியதாகின்றது.

இனி வந்தேறியின் செயல் யாது? இவ்விடத்தில் ஆராய்ச்சியின் வரலாறே ஒரு நல்ல வழக்கினைப்போல் அமைந்துள்ளது. 1975இல் பெர்க்கோவிற்சும் அவர்தம் உடனாய்வாளரும் நிக்கல் பெரைற்றுத் துணிக்கைகளை ஆராய்ந்து, அவற்றின் புறத்தே பிணைந்த சேதன மூலக்கூறுகள் மேற்பரப்பு அயன்களின் காந்தத்திசையைப் பற்றிப் பிணித்துவிடுகின்றன என்றனர். மேலுறை குற்றவாளிக் கூண்டில் ஏறியது. அதன்பின் நெடுங்காலம் "மேலுறை குறைக்கும்" என்பது ஐயமற்ற செய்திபோல வழங்கியது. நம் கட்டுரைகளில் இன்று வரும் வாக்கியமும் அக்காலத்து எதிரொலியே எனக் கருதுகின்றேன். 1996இல் பெர்க்கோவிற்சு தாமே கொடாமா முதலியோருடன் சேர்ந்து அதே பெரைற்றை மீளவும் நோக்கியபோது, மேற்பரப்பில் அறுபட்ட பிணைப்புகளும் அதனாலாய ஒழுங்கின்மையும் விளக்கத்தின் நடுவிடத்துக்கு வந்தன.

2012இல் தீர்ப்பு மறுபுறந் திரும்பிற்று. சலபிராங்கா முதலிய ஆய்வாளர், ஒலெயிக்கமிலத்தாற் சூழப்பட்ட மக்னற்றைற்றுத் துணிக்கைகளை இலத்திரன் நுணுக்குக்காட்டியால் மேற்பரப்புவரை நுணுகி ஆராய்ந்து, அச்சேதன மூலக்கூறுகள் மேற்பரப்பின் காந்தத்தை மீட்டுக்கொடுக்கின்றன என்று வெளியிட்டனர். இதன் விளக்கம் முன் கூறியதோடு நன்கு பொருந்துவது. ஒலெயிக்கமிலத்தின் தலைப்பகுதியில் ஒட்சிசன் உண்டு. அது மேற்பரப்பு இரும்போடு பிணையும்போது, அவ்விரும்பு இழந்திருந்த ஒட்சிசன் அயலவருக்கு ஈடாக ஒன்று கிடைக்கின்றது. அயலவர் கிடைத்தமையால் திசையும் திருந்துகின்றது. கூண்டில் நின்றவனே மருத்துவனாயினான்!

இவற்றுள் ஒன்று பொய், ஒன்று மெய் எனத் துணிதல் வேண்டா. ஒட்சைட்டும் வேறு, துணிக்கைகளை ஆக்கிய முறையும் வேறு. உருவாகும்போதே ஒலெயிக்கமிலத்தின் நடுவில், உயர்ந்த வெப்பநிலையில், ஒழுங்காய் வளர்ந்த பளிங்கின் மேற்பரப்பும், வேறு முறையால் ஆக்கிப் பின்னர் மேலுறையிட்ட துணிக்கையின் மேற்பரப்பும் ஒன்றாதல் எங்ஙனம்? முன்னையதில் மேலுறை, துணிக்கை பிறந்தபின் அணிவிக்கப்பட்ட ஆடையன்று. அது பிறக்கும்போதே அதன் வளர்ச்சியையும் உருவையும் அளவையும் வரையறுத்த தொட்டிலாகும். ஆடையை மாற்றிப் பார்த்து ஆளை ஒப்பிடலாம். தொட்டிலை மாற்றினால் ஆளே மாறிவிடுகின்றான். மேலுறையிட்டதும் இடாததுமான இரு துணிக்கைகளை ஒப்பிட்டோம் என்பார் பலர், உண்மையில் இரு வேறு துணிக்கைகளையே ஒப்பிட்டிருக்கின்றனர். இதனைக் கூறாது விடுதல் எடையின் பிழையிலும் நுட்பமான பிழை, கண்டுபிடித்தலும் அரிது.

பிணைப்பின் வகையும் பொருட்டு. பிரான்சு நாட்டில் டாவூ முதலியோர் 2008இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று எனக்கு மிகவும் பிடித்தது. ஏனெனில் அது ஒரே மக்னற்றைற்றுத் துணிக்கைகளை எடுத்து, இருவகைப் பிணைப்புகளால் மூலக்கூறுகளை ஒட்டிப் பார்த்தது. காபொட்சிலேற்றுப் பிணைப்பால் ஒட்டியபோது மேற்பரப்பில் சாய்ந்த அயன்களின் படையொன்று தோன்றிக் காந்தவாக்கம் குறைந்தது. பொசுபோனேற்றுப் பிணைப்பால் ஒட்டியபோது அது குறையாது நின்றது. ஒப்பிடத்தக்கவற்றை ஒப்பிடுதல் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. ஒலெயிக்கமிலமும் காபொட்சிலேற்று வழியாகவே பிணைவது. அங்கே மீட்டது, இங்கே குறைத்தது. ஆகவே "காபொட்சிலேற்றுக் குறைக்கும்" என்னும் வேறொரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு திருப்தியடைதலும் கூடாது. எம்மேற்பரப்பு, எவ்வாறு ஆக்கப்பட்டது, எதனோடு எவ்வாறு பிணைந்தது என்று கூறாத வாக்கியம் எதுவும் இத்துறையில் நில்லாது.

இதுகாறும் தனித்துணிக்கையைப் பற்றியே பேசினோம். துணிக்கைகள் தனித்து வாழ்வன அல்ல. காந்தம் காந்தத்தை ஈர்ப்பதால் நெருங்கிய துணிக்கைகள் ஒன்றன் திசையை ஒன்று தாங்கிக்கொள்ளும். வெப்பம் ஒன்றைப் புரட்ட முயலும்போது அயலது தடுக்கும். இடையே தடித்த உறை வந்தால் அத்தாங்குதல் தளரும். குளிரக் குளிரத் துணிக்கைகளின் திசை புரளாது உறைந்துபோகும் வெப்பநிலை தாழும். இதனையும் சிலர் "காந்தம் குறைந்தது" என்றே எழுதுவர். ஒருவன் கையைப் பற்றியிருந்த தோழன் விலகிச் சென்றால் அவன் எளிதிற் றிரும்புவான். வலி குன்றினான் எனல் ஆகாது.

இவ்விலக்கலே மேலுறையின் தலையாய பயன். 1963இல் அமெரிக்காவின் நாசா நிறுவனத்தைச் சேர்ந்த இசுட்டீவன் பபெல், எடையற்ற வெளியில் உந்துகணையின் எரிபொருளைக் காந்தத்தால் இழுத்துச் செலுத்தலாமோ என எண்ணி, மக்னற்றைற்றை ஒலெயிக்கமிலத்தோடு நெடுநேரம் அரைத்துக் காந்தத் திரவமொன்றை ஆக்கினார். ஒலெயிக்கமிலம் இன்றேல் துணிக்கைகள் ஒன்றையொன்று பற்றிக் கட்டியாகி அடியிற் படிந்துவிடும். திரவமென்று ஒன்று இராது. கிராமுக்கு எத்தனை ஈ.எம்.யூ. குறைந்தது என்னும் கேள்வி அங்கே பொருளற்றது.

தமிழ்நாட்டிலும் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. கல்பாக்கத்திலுள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி நிலையத்தில் ஜான் பிலிப் முதலியோர், மேலுறையிட்ட மக்னற்றைற்றுத் துணிக்கைகள் பரவிய திரவத்தைக் காந்தப்புலத்தில் வைத்து, அது வெப்பத்தைக் கடத்துந்திறனை அளந்தனர். புலத்தின் திசையில் துணிக்கைகள் சங்கிலியாய்க் கோத்துக்கொள்ள, கடத்துதிறன் நூற்றுக்கு 300 வரை மிகுந்ததென 2007இல் வெளியிட்டனர். புலம் நீங்கினால் சங்கிலி கலைந்து துணிக்கைகள் மீண்டும் பரவ வேண்டும். அன்றேல் ஒருமுறையோடு திரவம் பயனற்றுப்போம். அவ்வாறு கலையச் செய்வது மேலுறையே. சேரவும் விட்டு, ஒட்டிக்கொள்ளவும் விடாது நிற்கும் இத்தொழிலைக் "குறைத்தல்" என்னும் ஒருசொல்லால் எவ்வாறு கூறுவது?

மருத்துவத்தில் மேலுறையின் நோக்கம் இன்னும் வேறானது. 2009இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெருமொக்சிற்றோல் என்னும் இரும்புக்குறை நீக்கும் மருந்து, காபோவைதரேற்றுப் போர்த்த இரும்பொட்சைட்டுத் துணிக்கையே. குருதியிற் கரைந்தாற்போல் ஓடவும், இரும்பைச் சிறிது சிறிதாக விடுவிக்கவும் அம்மேலுறை வேண்டியதாயிற்று. இதனைப் பற்றி விரிப்பது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

சேற்றுநீரில் வாழும் பற்றீரியாக்கள் சில தம் உடலினுள்ளே மக்னற்றைற்றுப் பளிங்குகளை வளர்த்துத் தமக்குத் திசைகாட்டியாக்குகின்றன. அப்பளிங்கு ஒவ்வொன்றையும் ஒரு மென்சவ்வு சூழ்ந்துள்ளது. பளிங்கு அச்சவ்வினுள்ளேயே வளர்கின்றது. தொட்டில் என்று மேலே யான் கூறியது வெறும் அணியன்று என்பதற்கு இவ்வுயிர்களே சான்றாகும்.

இனி சொல்லுக்கு மீள்வோம். தமிழில் இம்மேலுறைக்கு வழங்கும் சொற்களை எடுத்து நோக்கினால், ஒவ்வொன்றும் ஒரு கொள்கையைத் தன்னுட் பதுக்கி வைத்திருப்பது தெரியும். "பூச்சு" என்றால், முடிந்த சுவரின்மேல் சுண்ணாம்பு பூசியது போன்ற எண்ணம் எழும். சுவருக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. "போர்வை" எளிதில் நீக்கத்தக்கது என்பதைக் குறிப்பாய் உணர்த்தும். பொசுபோனேற்றுப் பிணைப்பைப் போர்வையென்றல் பொருந்தாது. "கவசம்" வெளியிலிருந்து வரும் பகையை உள்ளதாகக் காட்டி, உள்ளிருப்பது முன்னரே நிறைவுற்றது என்று சொல்லாமற் சொல்கின்றது. மேற்பரப்பு அயனோ நிறைவுற்றதன்று. அது அயலவரைத் தேடி நிற்பது. "களிம்பு" உடம்பினின்று எழுவதற்கே உரியது. ஒட்சியேற்றத்தால் ஆகும் மகமைற்றுத் தோலுக்கு அதனை விட்டுவிடலாம். "உறை" என்னுஞ் சொல் வாளையும் உறையையும் போலப் பிரித்தெடுக்கத்தக்க, தமக்கெனத் தடிப்புள்ள சிலிக்கா முதலியவற்றுக்கு இயையும். மேற்பரப்போடு வேதிப்பிணைப்புற்ற ஒரு மூலக்கூற்றுத் தடிப்புள்ளதைப் "பிணைபடலம்" எனலாம். இரண்டையும் ஒருங்கே சுட்டவேண்டிய இடத்து "மேலுறை" என்பது போதும்.

கலைச்சொல்லாக்கக் குழுக்கள் இவ்வாறு இரண்டு சொல் கொள்ள விரும்பமாட்டா என்பதை அறிவேன். ஆங்கிலத்தில் ஒருசொல் இருப்பின் தமிழிலும் ஒருசொல்லே வேண்டும் என்பது அவற்றின் எழுதாச் சட்டம். ஆங்கிலச்சொல் தன் குழப்பத்தோடு வந்தால் அக்குழப்பத்தையும் மொழிபெயர்த்துக் கொள்ளல்வேண்டும் என்று எந்த இலக்கணம் விதித்தது? நம்மிடம் சொல் மிகுதியாயிருக்கின்றது. மிகுதியை அழகுக்குச் செலவிடுகின்றோம், பிரித்தறிதற்குச் செலவிடுவதில்லை. என்னுடைய சிவப்பு மை செய்தது அதனையே.

அம்மாணவன் பாடசாலையை விட்டுச் செல்லுமுன், அக்கட்டுரையைப் பாடசாலை நூலகத்திற் சேர்க்கும்பொருட்டு மீள எழுதிக் கொடுத்தான். திருத்தித் தருமாறு இம்முறையும் கேட்டான். ஒற்றுப்பிழை இரண்டை மாத்திரம் திருத்தினேன். "துணிக்கையின் மேற்பரப்பிற் பிணைந்துள்ள சேதனப் படலம்" என்னும் அவனது தொடர் தன் பழைய இடத்திலே இருக்கின்றது. வரைபின் நிலைக்குத்தச்சில் "இரும்பொட்சைட்டின் கிராமுக்கு" என்று அவனே சேர்த்திருந்தான். இரு கோடுகளும் இப்பொழுது மிக நெருங்கியுள்ளன. இடையே ஒரு சிறு வெளி மாத்திரம் எஞ்சியிருக்கின்றது.